அப்பா விடவில்லை

கல்லூரியில் அவருக்குப் பைலட் சார் என்று பெயர். வீட்டில் வெறும் அவன்தான். நாமும் வீட்டு ஆட்கள் மாதிரி அவன் என்றே சொல்லிக்கொள்ளலாம். இனி வரப்போகிற விஷயங்களுக்கு அந்த மரியாதையே அதிகம்.

பைலட் சார் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. புள்ளியியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர், ஆறு வருடமாக. பாதியில் நிற்கும் முனைவர் பட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. பட்டப்பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், வணிக விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகள் நான்கையும் வீட்டிலிருந்தே படித்து, ஒரே மூச்சில் தேறியிருந்தான். வான்வழிச் சட்டத்தில் எண்பத்தெட்டு. வானிலையில் தொண்ணூற்றொன்று. வழி கணிப்பதில் தொண்ணூற்று நான்கு. இயந்திர நுட்பத்தில் எண்பத்திரண்டு. இந்த நான்கு எண்களும் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மனப்பாடம். புதிதாக வந்து சேருகிறவர்களுக்கும் முதல் வாரத்துக்குள் எப்படியோ மனப்பாடம் ஆகிவிடும். விமானிகளுக்கான மருத்துவச் சோதனையிலும் தேறியிருந்தான். விமானத்தின் முன் இருக்கையில் மட்டும் இன்று வரை உட்கார்ந்ததில்லை. பின்னால் பயணியாக உட்கார்ந்தது மொத்தம் மூன்று முறை, அதில் ஒரு முறை தூங்கிவிட்டான்.

"அப்ப ஏன் சார் போகல?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேட்காவிட்டால் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோவது அவனுக்குக் கைவந்த கலை. கேள்வி வந்ததும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பான். சன்னல் பக்கம் பார்ப்பான். சன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடம்தான் இருக்கிறது, ஆனால் அவன் பார்க்கிற விதத்தில் அங்கே வானம் இருப்பது போலத் தோன்றும்.

"அப்பா விடல சார்."

மூன்றே சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டான். கேட்டவர் முகம் சுருங்கிப்போகும். வணிகவியல் சார், ஐம்பது வயதுக்காரர், எதிர் நாற்காலியிலிருந்து "உச்" கொட்டுவார். அவருக்கு அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, கல்யாணத்தில் ஒரே ஒரு முறை பார்த்த அந்த அப்பா மேல் தனிப்பட்ட கோபமே வந்திருந்தது. இப்படி எல்லோரும் சேர்ந்து பரிதாபப்படுகிற அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அது அவனுக்குச் சம்பளத்தோடு கிடைக்கிற சலுகை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திங்கட்கிழமை காலையில் இரண்டு கடிதங்கள் வந்தன.

முதலாவது துறைத் தலைவியிடமிருந்து. அவனுடைய வேலை நிரந்தரமாகிறது, வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கையெழுத்து வேண்டும். இரண்டாவது ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து. முழு உதவித்தொகையோடு இடம் ஒதுக்கியாகிவிட்டது, பதினெட்டு மாதப் பயிற்சி, சேருவதும் சேராததும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். புதன்கிழமை வந்தால் ஒரு அறிமுகப் பறத்தலும் உண்டு.

அந்தப் பள்ளிக்கு அவன் நான்கு வருடமாக விண்ணப்பித்து வந்தான். இடம் கிடைக்காது என்பதில் அசைக்க முடியாத நம்பிக்கை வைத்துத்தான் விண்ணப்பித்தான். அந்த நம்பிக்கையைப் பள்ளி இப்படிக் கெடுக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதித் தேறிய தேர்வுகள் வேறு அடுத்த வருடம் காலாவதி ஆகின்றன. இந்த முறை விட்டால் நான்கையும் முதலிலிருந்து எழுத வேண்டும், அதற்கு முப்பத்திரண்டு வயதில் யாருக்கும் தெம்பு இருக்காது. ஆக, பறப்பதா, படிப்பையும் வேலையையும் பிடித்துக்கொண்டு நிலையாக இருப்பதா என்பதை இந்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்தே தீர வேண்டும்.

புள்ளியியல்காரன் முடிவெடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வான்? அட்டவணை போடுவான். இடது பக்கம் விமானி, வலது பக்கம் விரிவுரையாளர். நடுவில் வருமானம், வேலைப் பாதுகாப்பு, மனநிறைவு, குடும்பத்தோடு இருக்கிற நேரம் என்று பத்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு எடை. முதல் முறை கூட்டியதில் விமானி ஜெயித்தான். உடனே பயந்துபோய், பாதுகாப்புக்கு எடையைக் கூட்டினான். விரிவுரையாளர் ஜெயித்தான். அது அவமானமாக இருந்தது. மனநிறைவை ஒரு புள்ளி ஏற்றினான், குடும்ப நேரத்தை அரைப் புள்ளி இறக்கினான். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் இரண்டு பக்கமும் எழுபத்தொன்றரை என்று வந்து நின்றது.

அவன் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். முகக்கவசத்தின் கோடு கன்னத்தில் அப்படியே இருக்க, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். தினமும் நூறு பேருடைய முடிவுகளைப் பார்க்கிற கண். அவளுக்கு ஒரு பார்வை போதும், தாளில் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே மார்க்கா?"

"ஆமா. அதிசயமா இல்ல?"

"அதிசயமெல்லாம் இல்ல. எத்தனை தடவை அழிச்சு எழுதியிருக்கீங்க, தாளே ஓட்டை விழுந்திருக்கு. இவ்ளோ கஷ்டப்பட்டு யாராவது சமன் பண்ணுவாங்களா?"

அவன் சமாளிக்கப் பார்த்தான். பிள்ளை சின்னது, நான்கு வயது, பதினெட்டு மாதம் வெளியூரில் இருந்தால் முகமே மறந்துவிடும் என்றான். மாசம் ஒரு தடவை வரலாமே என்றாள். வீட்டுச் செலவு என்றான். என் சம்பளத்தில் ஓடும், இழுத்துப் பிடித்தால் ஓடும், மத்தியானமே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன் என்றாள். உனக்குத் தனியாகக் கஷ்டமாக இருக்காதா என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தான். குரலில் கொஞ்சம் கெஞ்சலே இருந்தது.

"இருக்கும்தான். அதுக்காகப் போகாதீங்கன்னு சொல்லுவேன்னு பாக்கறீங்களா?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க போயிடுவீங்கன்னு எனக்குப் பயமே இல்லைங்க. போகாம இங்கயே இருந்துட்டு, நாளைக்கு உங்க ஆசிரியர் அறையில 'அவ விடல'ன்னு சொல்லுவீங்களோன்னுதான் பயம். மாமாவுக்கு வயசாயிடுச்சு. அடுத்தது என் பேருதானே?"

அவனுக்குக் காது சூடானது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் அதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அவள் சொன்னது உண்மை என்பதால்தான் கோபம் வந்தது. காலையில் அவன் துறைத் தலைவியிடம் போனதும் இதற்குத்தான். அந்த அம்மாள் கண்டிப்புக்குப் பேர் போனவர், அவனுடைய ஆய்வுக்கு வழிகாட்டியும் அவரே. "ஆய்வைப் பாதியில விட்டுட்டு வானத்துல என்னய்யா வேலை?" என்று ஒரு அதட்டல் போடுவார், அதைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இடத்தைப் பிடிச்சு வைக்க என்னால முடியாது. போனா இந்த வேலை போனதுதான்," என்றார். அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அதையும் கெடுத்தார். "ஆனா உங்க வயசுல எனக்கு அந்தக் கடிதம் வந்திருந்தா, இந்நேரம் பெட்டி கட்டியிருப்பேன். தைரியமாப் போங்க."

முப்பத்திரண்டு வயது ஆள், ஒரு வீடு விடாமல் போய், தயவு செய்து என்னைத் தடுங்கள் என்று மறைமுகமாகக் கேட்டுக்கொண்டு அலைந்தான். ஒருத்தராவது தடுக்க வேண்டுமே. இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் மனிதன் எப்படி வாழ்வது?

மிச்சம் இருந்தது விமானமே. புதன்கிழமை காலை பயிற்சிப் பள்ளிக்குப் போனபோது, தன்னை உதவாக்கரை என்று அந்தப் பள்ளியே சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரு அலுவலகம். பக்கத்தில் கொட்டகை, கொட்டகைக்கு முன்னால் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. கதவைச் சாத்தினால் பழைய காரின் கதவு மாதிரிச் சத்தம் வந்தது. பயிற்சியாளர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. கையைக் குலுக்கினார், கையில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

உள்ளே ஏறி உட்கார்ந்ததும், பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையைக் கொடுத்தார். எஞ்சினைக் கிளப்பும் முன் செய்ய வேண்டியவை, மொத்தம் இருபத்திரண்டு வரி.

"இதை வாசிச்சுக்கிட்டே ஒண்ணொண்ணாப் பண்ணுங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அட்டையைக் கையில் வாங்கியதும் அவனுக்கு உயிரே வந்தது. அச்சடித்த தாள், வரிசை எண், எதிரே மேற்பார்வையாளர். இந்தச் சூழ்நிலையில் அவனை அசைக்க ஆள் கிடையாது. முதலில் முழுவதையும் ஒரு ஓட்டம் பார்த்தான். இருக்கை பூட்டியிருக்கிறதா, பார்த்தான். வார், மாட்டினான். கதவு, சாத்தினான். பிரேக், அழுத்தினான். ஐந்தாவது வரியில் எரிபொருள் வால்வு என்று இருந்தது. படத்தில் பார்த்திருக்கிறான். நேரில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சற்றும் கலங்காமல், அந்த வரிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டு ஆறாவதுக்குப் போனான். ஒன்பதாவதும் புரியவில்லை, அங்கேயும் ஒரு கீறல். அப்புறம் பதின்மூன்று, பதினான்கு, இருபது. தெரிந்ததை எல்லாம் மளமளவென்று முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"முடிச்சாச்சு மேடம்."

"அஞ்சாவது?"

"அது கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. தெரிஞ்சதை முதல்ல முடிச்சுட்டு அதுக்கு அப்புறமா வரலாம்னு…"

பயிற்சியாளர் அட்டையை வாங்கி அந்த நகக் கீறல்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இது என்ன?"

"விட்டுப்போனதுக்கு அடையாளம் மேடம். இருபத்திரண்டுல பதினேழு பண்ணிட்டேன். எழுபத்தேழு சதவீதம்." வாய் தானாக ஓடியது. "எழுபது எடுத்தாலே தேர்ச்சிதானே."

"மீதி இருபத்து மூணு சதவீதத்துலதான் சார் பெட்ரோல் இருக்கு," என்றார் அவர். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷமாக் கத்துக் கொடுக்கறேன். அட்டையைப் பரீட்சை மாதிரி எழுதின ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். நீங்க என்ன, வாத்தியாரா?"

வகுப்பில் வருடத்துக்கு நூற்றைம்பது பேருக்கு அவன் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். கடினமான கேள்வியில் மாட்டிக்கொள்ளாதீர்கள், தாண்டிப் போங்கள், கடைசியில் திரும்பி வரலாம். அவனும் பள்ளியிலிருந்து அப்படித்தான் எல்லாத் தேர்விலும் தேறினான். விமானத்தின் உள்ளே அது எப்படிப்பட்ட கோமாளித்தனம் என்று புரிந்தபோது, கதவைத் திறந்துகொண்டு அப்படியே ஓடிவிடலாமா என்று இருந்தது. பயிற்சியாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். ஐந்தாவது வரியில் அவனுடைய கையைப் பிடித்து, இருக்கைகளுக்கு நடுவில் தரையில் இருந்த வால்வின் மேல் வைத்தார். இத்தனை நேரம் அது அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மேலே போனார்கள். வீடுகள் சின்னதாகின, ஆறு வளைந்தது, எல்லோரும் சொல்கிறபடியே எல்லாம் இருந்தது. ஓரிடத்தில் பயிற்சியாளர் கையை எடுத்துவிட்டு, "இப்ப உங்களோடது," என்றார். ஆறு நிமிடம் அவன் விமானத்தை நேராகப் பிடித்திருந்தான். இடது பக்கம் ஒருமுறை திருப்பினான், வலது பக்கம் ஒருமுறை. நன்றாகவே வந்தது. பயமும் இல்லை. ஆனால் அந்த ஆறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் அவன் மனம் அங்கே இல்லை. இதை நாளை ஆசிரியர் அறையில் எப்படிச் சொல்லலாம், எங்கே நிறுத்தலாம், "இப்ப உங்களோடது" என்ற வசனத்தை எந்த இடத்தில் வைக்கலாம் என்று கோத்துக்கொண்டிருந்தான். கதை அருமையாக வந்துகொண்டிருந்தபோது, நேரம் முடிந்தது என்று பயிற்சியாளர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டார். அவனுக்கு ஏமாற்றமாக இல்லை. அது அவனுக்கே சங்கடமாக இருந்தது.

கீழே இறங்கியதும் தன்னைக் கழித்துக் கட்டுவார் என்று நின்றான். அவர் வழுக்கலான தரையில் பார்த்து நடக்கச் சொல்லிவிட்டு, "நிதானமான கை உங்களுக்கு. அந்த அட்டைப் பைத்தியம் பத்தே நாள்ல போயிடும். சேர்ந்தீங்கன்னா நல்லா வருவீங்க," என்று முதுகில் தட்டினார். போச்சு, அதுவும் போச்சு.

வியாழக்கிழமை மாலை அப்பா வீட்டுக்குப் போனான். எல்லோரும் கைவிட்ட பிறகு அப்பாவாவது இருக்கிறாரே என்ற தெம்பில்தான் போனான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வருடம் ஊராரை எல்லாம் மேலே ஏற்றிவிட்டவர் ஓய்வு பெற்ற பிறகு குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா மேஜையில் செய்தித்தாளை விரித்து, பக்கத்து வீட்டுக்காரரின் அழைப்பு மணியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். இரண்டு கடிதம், வெள்ளிக்கிழமை, பதினெட்டு மாதம், வேலை போய்விடும், பிள்ளை சின்னது. எது எதைச் சொன்னால் ஒரு தகப்பன் பதறுவானோ அதையெல்லாம் தேடித் தேடி எடுத்து வைத்தான்.

"போ," என்றார் அப்பா. திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன்னா எப்படிப்பா? நாளைக்கு உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"எனக்கு என்னடா? கல்லு மாதிரி இருக்கேன். மூணு மாடி ஏறி நீதான் இளைக்கற."

"அப்ப மட்டும் வேணாம்னீங்களே."

அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வந்தது என்றால், அது உண்மைதான் என்று அந்தக் கணம் அவனே நம்பினான். அப்பா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?"

பதினோரு வருடத்துக்கு முன்பு, ஒரு துணிக்கடையின் லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று அப்பா கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவன் கீழே நின்று அண்ணாந்து, விமானி ஆக வேண்டும் என்றான். அப்பா மேலிருந்தே கேட்டார்: "நிஜமாவே வேணுமா? நல்லா யோசிச்சு ஞாயித்துக்கிழமை சொல்லு. வேணும்னா வழி பாக்கலாம்." சரி, அப்புறம் வந்து சொல்கிறேன் என்று போனவன், அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. மேற்படிப்புக்குப் போனான். அங்கே ஒருவன் ஏன் விமானப் பயிற்சிக்குப் போகவில்லை என்று கேட்டபோது, பயமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அப்பா என்ற சொல் வாயில் வந்தது. நன்றாக எடுபட்டது. அப்படியே வைத்துக்கொண்டான்.

"நீங்க சொல்லல," என்றான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் கல்யாணத்துல உன்கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் வந்தாரு. கண்ணாடி போட்டவரு, கணக்குப் பாடம் எடுப்பாராமே."

"வணிகவியல் சார்."

"அவருதான். சாப்பிட்டுக் கை கழுவற இடத்துல என்னை நிறுத்தி, 'ஒரே பையன், இப்படி அவன் ஆசையைக் கொன்னுட்டீங்களே, மனசு உறுத்தலையா'ன்னு கேட்டாரு. பத்துப் பேர் நின்னாங்க."

அவனுக்கு இது புதிது. ஐந்து வருடமாக அப்பா இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. "நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"என்ன சொல்றது? ஆமாங்க, அப்ப புத்தி இல்லன்னேன்."

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன, நான் தடுக்கவே இல்லன்னு சொன்னா, நீ பொய் சொன்னேன்னு ஆயிடாதா? கல்யாண நாளும் அதுவுமா, நீ வேலை பாக்கற ஆளுங்க முன்னாடி." அப்பா மறுபடி திருப்புளியை எடுத்தார். "எனக்கு என்ன போச்சு? நாலு பேர் திட்டினா மேல ஒட்டிக்கவா போகுது?"

அவனுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ள அழைப்பு மணியின் பொத்தானை எடுத்து விரலால் உருட்டினான். அந்த நிலையிலும் அவனுடைய பழைய புத்தி விடவில்லை. "அப்பா, இப்பவாவது நீங்களே சொல்லிடுங்களேன். போகாதேன்னு ஒரு வார்த்தை."

"மாட்டேன்," என்றார் அப்பா. "ஒரு தடவை சொல்லாமலே கெட்ட பேர் வாங்கியாச்சு. இந்தத் தடவை நீயே சொல்லிக்க. பொத்தானைக் குடு."

மாடிப்படி இறங்குகையில் அவன் அட்டவணையை மறந்து தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டால், அப்போதும் பறப்பாயா? இரண்டாவது மாடி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. மாட்டான். சரி, யாரிடமும் சொல்லக்கூடாது என்றால் பாடம் நடத்துவாயா? போன மாதம் வகுப்பில் இரண்டு பஸ்களை வைத்துச் சராசரியை விளக்கினான். இரண்டுக்கும் சராசரி இருபது நிமிடம். ஒன்று தினமும் இருபது நிமிடத்தில் வரும், இன்னொன்று ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் முப்பத்தைந்து. கடைசி பெஞ்சில் எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "அப்ப நான் மூணு வருஷமா தப்பான பஸ்ஸுக்கு நிக்கறேன் சார்," என்றாள். அன்றைக்கு முழுவதும் அவனுக்கு மனசு நிறைந்து இருந்தது. அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பயிற்சிப் பள்ளிக்கு, சேரவில்லை, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுங்கள் என்று நான்கு வரி எழுதி அனுப்பினான். அனுப்பும்போது வலித்தது. பதினோரு வருடமாகக் கூடவே வைத்திருந்த ஒன்றைத் தன் கையால் மூடுவது சும்மா இல்லை. நிரந்தர வேலைக்கான தாளில் துறைத் தலைவியின் மேஜையில் கையெழுத்துப் போட்டான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆய்வின் அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

பதினோரு மணிக்கு ஆசிரியர் அறையில் செய்தி அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வணிகவியல் சார் அவனுக்குத் தேநீரை ஊற்றி நகர்த்தினார். "கேள்விப்பட்டேன். மறுபடியும் அப்பா விடலையா?"

தலையை ஒரு அங்குலம் ஆட்டினால் போதும். சன்னலும் அதே இடத்தில்தான் இருந்தது.

"இல்ல சார். அப்பா போகச் சொன்னாரு. நான்தான் போகல."

வணிகவியல் சாரின் கண் கலங்கியது. "பாத்தீங்களா," என்று மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். "இவ்ளோ பண்ணின மனுஷனை இன்னைக்கும் விட்டுக்கொடுக்காமப் பேசறாரு. எந்தப் பிள்ளை இப்படி இருப்பான்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பரிதாபத்தோடு இப்போது மரியாதையும் சேர்ந்திருந்தது. இதுவரை கிடைத்ததிலேயே உயர்ந்த ரகம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு மடக்குத் தேநீர் குடிக்கிற நேரம் அவன் அதை ரசித்தான். பிறகு கோப்பையை வைத்தான். சன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"சார், நான் சொன்னது பொய். பதினோரு வருஷமாப் பொய். அப்பா ஒரு நாளும் தடுக்கல. வேணும்னா வழி பாக்கலாம்னாரு. எனக்குப் பயம். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அவர் மேல போட்டேன். பறக்கறதைவிட அதைப் பத்தி உங்ககிட்ட பேசறதுதான் எனக்குப் பிடிச்சிருந்தது."

ஒருவர் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். வணிகவியல் சார் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"அப்ப கல்யாணத்துல நான் அவர்கிட்ட பேசினது?"

"வாங்கிக்கிட்டாரு சார். எனக்காக."

வணிகவியல் சார் எழுந்து வெளியே போய்விட்டார். கதவு ஆடி நின்றது. இனி இந்த அறையில் அவனுக்கு யாரும் "உச்" கொட்டப்போவதில்லை என்று தெரிந்தது. முகம் எரிந்தது. தாழ்வாரத்துக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டான்.

"இங்கயே இருந்துட்டேன்ப்பா. கையெழுத்துப் போட்டாச்சு."

"ம்."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க தடுக்கலன்னு. நான்தான் பொய் சொன்னேன்னு."

இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை. பிறகு அப்பாவின் குரல் வந்தது, அவன் கேட்டே அறியாத ஒரு சின்னக் குரலில்.

"கை கழுவற இடத்துல கேட்டாரே, அந்த சார். அவரும் இருந்தாரா?"

"இருந்தாருப்பா. பக்கத்துலதான் இருந்தாரு."

அப்பா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.